சைவ அணுக்கள்

தூத்துக்குடி பெர்க்மான்ஸுக்குப் புற்றுநோய் முழுவதும் குணமாகிவிட்டது என்று சென்னையில் உறுதி சொல்லி அனுப்பிய அதே வாரத்தில், ஊரில் அவருக்கு முகம் வீங்கியது.

கடற்கரைச் சாலைக்குப் பக்கத்தில் பெர்க்மான்ஸ் ஒரு மெஸ் நடத்திவந்தார். அங்கே சோறும் ரசமும் ஒப்புக்குத்தான். ஜனங்கள் வந்தது இறாலுக்கு. நிணநீரில் புற்றுநோய் வந்து, அடுப்பைச் சமையல்காரர்களிடம் விட்டுவிட்டு ஒரு வருடம் போலச் சென்னையில் கிடந்தார். குணமாகித் திரும்பிய முதல் நாள், மனைவி சிசிலியும் பழைய வாடிக்கையாளர்களும் சுற்றி நிற்க, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு ஒரு தட்டு இறாலை எண்ணெயில் தள்ளினார். ஆவி முகத்தில் அடித்தது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. சந்தோஷத்தில் அழுகிறார் என்று நினைத்துச் சிசிலியும் சேர்ந்து அழுதாள். உதடு ஊதி மூக்கைத் தொட்ட பிறகுதான் யாரோ ஆட்டோவைக் கூப்பிட்டார்கள்.

ஊசி போட்டு மூச்சு சீரானதும் டூட்டி டாக்டர், "உங்களுக்கு எறால் ஒத்துக்காதுங்க. அலர்ஜி" என்றார்.

"தம்பி, பல்லு மொளைக்கதுக்கு முன்னாலயே எறாலு தின்னவன் நான்," என்றார் பெர்க்மான்ஸ். உதடு இன்னும் வற்றாததால் அது வேறு ஏதோ பாஷை போலக் கேட்டது.

அவர் நம்பவில்லை. வீட்டுக்கு வந்து, சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வதற்காகச் சிசிலி குளிக்கப் போன நேரம் பார்த்து ஒரே ஒரு இறாலை வாயில் போட்டார். மறுபடி அதே ஆட்டோ, அதே கட்டில், அதே டூட்டி டாக்டர். இந்த முறை டாக்டர் விசாரிக்காமலே ஊசியை எடுத்தார்.

பெர்க்மான்ஸ் சென்னைக்குப் போன் போட்டார்.

போனை எடுத்தவர் டாக்டர் ஆவுடையம்மாள். திருநெல்வேலிக்காரர். தரமணியில் ஓர் ஆய்வு நிலையத்தில் முப்பது வருடமாகப் புற்றுநோயையும் உடம்பின் எதிர்ப்புச் சக்தியையும் மோதவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவர். நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகள் எழுதியிருந்தார். அவற்றை மேற்கோள் காட்டி மற்றவர்கள் எழுதியவை பல ஆயிரம். ஆனால் அந்தக் கட்டுரைகளால் பிழைத்து நடமாடிய மனிதர்களில் முதல் ஆள் பெர்க்மான்ஸ்தான். அதனால் அவர் போன் என்றால் எந்தக் கூட்டத்தில் இருந்தாலும் எழுந்து வந்து பேசுவார்.

முன்பெல்லாம் நோயாளியின் ரத்தத்திலிருந்தே டி செல் என்கிற எதிர்ப்பு அணுக்களை எடுத்து, புற்றுநோயை அடையாளம் காணப் பழக்கி, திரும்ப ஏற்றுவார்கள். பழக்கி முடியும்வரை சிலரின் உயிர் காத்திருக்காது. அடுத்தவருடைய செல்லை ஏற்றினாலோ உடம்பு விரட்டியடித்துவிடும். ஆவுடையம்மாள் கண்டுபிடித்தது, ஒருவருடைய செல்களை யாருடைய உடம்பும் தன்னுடையது என்று ஏற்றுக்கொள்ள வைக்கும் வழி. குளிர்பெட்டியிலிருந்து எடுத்து அன்றைக்கே ஏற்றிவிடலாம். ஏற்றிய செல்கள் அங்கேயே குடியேறி, காலம் முழுக்கக் காவல் காக்கும்.

அந்த 'ஒருவர்' யார் என்பது ஆய்வு நிலையத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆரம்பத்தில் ரத்தம் கொடுக்க ஒப்புக்கொண்ட ஆள் கடைசி நேரத்தில் வராமல் போக, நெறிமுறைக் குழுவிடம் அனுமதி வாங்கிக்கொண்டு ஆவுடையம்மாள் தன் கையையே நீட்டினார். அந்தச் செல்கள்தான் பெருகிப் பெருகி, இப்போது நாற்பது சொச்சம் பேர் உடம்பில் உட்கார்ந்திருந்தன. அதைப் பற்றிய பெரிய கட்டுரை வெளிநாட்டு இதழ் ஒன்றில் அச்சுக்குப் போகத் தயாராக இருந்தது. அதில் ஒரு வரி: 'நீடித்த பக்கவிளைவு எதுவும் காணப்படவில்லை.'

"டாக்டரம்மா, ஒங்க புண்ணியத்துல நல்லா இருக்கேன்," என்றார் பெர்க்மான்ஸ். "எறால மட்டும் பாத்தா மூஞ்சி வீங்குது."

ஆவுடையம்மாள் வீங்கிய தேதிகளைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு, "கிளம்பி வாங்க அண்ணாச்சி," என்றார்.

*

ஆய்வு நிலையத்துக்கு அலர்ஜி விஷயத்தில் ஆலோசனை சொல்ல வருபவர் டாக்டர் நிஜாமுதீன். பெரிய உடம்பு, மெதுவான பேச்சு. பெர்க்மான்ஸையும் சிசிலியையும் எதிரில் உட்கார வைத்து, நடந்ததையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஆவுடையம்மாள் பக்கம் திரும்பினார்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. உங்களுக்கு எறால் ஒத்துக்குமா?"

"நான் சைவம்."

"தெரியும். ஒரு தடவைகூடச் சாப்பிட்டதில்லையா?"

"சாப்பிடுறதா? எங்க தெருவுல மீன்காரர் சைக்கிள் வந்தா, வாசல் கதவ அடைச்சுட்டுதான் மறுவேலை."

நிஜாமுதீன் அவர் முன்னங்கையில் இறால் சாறு ஒரு சொட்டு வைத்து, ஊசியால் லேசாகக் கீறினார். கால் மணி நேரத்துக்குள் அந்த இடம் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தடித்துச் சிவந்தது. ஆவுடையம்மாள் தன் கையையே யாரோ அந்நியரின் கை மாதிரிப் பார்த்தார்.

"சாப்பிடாத பொருள் எனக்கு எப்படி ஒத்துக்காம போகும்?"

"சின்ன வயசுல உங்க வீட்டுல கரப்பான் பூச்சி இருந்துச்சா?"

"எங்க வீடு ரொம்ப சுத்தமான வீடு," என்றார் ஆவுடையம்மாள். நிஜாமுதீன் காத்திருந்தார். "அடுக்களைல இருந்துச்சு. விறகு போடுற எடத்துல. கொஞ்சம்."

"அதான். கரப்பானோட தசையில ஒரு புரதம் இருக்கு. எறால்லயும் கிட்டத்தட்ட அதே புரதம். கரப்பான் தூசிய சுவாசிச்சுச் சுவாசிச்சு உங்க உடம்பு அதை எதிரின்னு குறிச்சு வெச்சிருச்சு. எறால் வந்தாலும் அது கரப்பான்னுதான் நினைக்கும். நீங்க சைவமா இருந்ததால இத்தனை வருஷம் தெரியல. இப்ப உங்க டி செல் இவர் உடம்புல குடியேறி, அங்க இருக்கிற மத்த செல்லுக்கெல்லாம் உத்தரவு போடுது. எதிரி யாருங்கிறது உங்க கணக்குப்படிதான்."

பெர்க்மான்ஸ் இதையெல்லாம் உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகம் இருண்டுவிட்டது.

"எறாலும் கரப்பானும் ஒண்ணுங்கியளா?"

"புரதம் மட்டும்."

"டாக்டரே, நீங்க எனக்கு வைத்தியம் பாக்காட்டாலும் பரவால்ல. இத மட்டும் எங்கயும் எழுதிராதீங்க. கடற்கரைல பாதிப் பேரு பொழைப்பு போயிரும்."

சிசிலிக்கு வேறு சந்தேகம். "அப்பம் இவுங்க உடம்புக்குள்ள இருக்கது டாக்டரம்மா அணுவா?"

"ஆமா."

"சைவ அணு."

"அப்படியும் சொல்லலாம்," என்றார் நிஜாமுதீன்.

"அதான் வெள்ளிக்கெழம ஆனா பருப்புக் கொழம்பு கேக்காவளா," என்றாள் சிசிலி. அதற்கும் அணுவுக்கும் சம்பந்தமில்லை என்று நிஜாமுதீன் விளக்கியதை அவள் ஏற்றுக்கொண்ட மாதிரித் தெரியவில்லை.

பெர்க்மான்ஸ் சிரிக்கவில்லை. சிகிச்சை தொடங்கும்போது அவரிடம் சொல்லப்பட்ட ஒரு விஷயத்தை நினைவில் வைத்திருந்தார். ஏற்றிய செல்கள் தறிகெட்டுப் போனால் அவற்றை மொத்தமாகச் சாகடிக்க ஒரு மாத்திரை இருந்தது. செல்களைத் தயாரிக்கும்போதே அதற்கு வழி செய்துவைத்திருந்தார்கள்.

"அந்த மாத்திரையப் போட்டா எறாலு ஒத்துக்கிடுமா?"

"போட்டா காவலும் போயிரும்," என்றார் ஆவுடையம்மாள். "நோய் திரும்பி வந்தா தடுக்க ஆளிருக்காது."

"வருமா, வரலாமா?"

"வரலாம்."

"அப்பம் வராமலும் இருக்கலாம்."

"அண்ணாச்சி, உயிர் பெருசா எறால் பெருசா?"

பெர்க்மான்ஸ் இதற்குக் கோபப்படவில்லை. "டாக்டரம்மா, ஒங்கள நாளைக்கு ஒருத்தர், உயிரோட இரு, ஆனா ஆராய்ச்சிக் கூடத்துப் பக்கம் வரப்படாது, அந்த வாடையே ஒனக்கு ஆவாதுன்னு சொன்னா, என்ன செய்வீங்க? அடுப்புப் பக்கம் போவ முடியல. என் கடைக்குள்ள என்னால நிக்க முடியல. வாசல்ல நாக்காலி போட்டு ஒக்காந்திருக்கேன், சீக்குக்காரன் மாதிரி. சீக்கு வந்தப்பக்கூட அப்படி ஒக்காரல நான்."

சிசிலி அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "மாத்திர கீத்திரன்னு பேசுனீங்கன்னா, நான் கடைய மூடிட்டு இட்லி யாவாரம் பாப்பேன். எழுந்திரிங்க."

அவர்கள் போன பிறகும் ஆவுடையம்மாள் கையிலிருந்த தடிப்பைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

*

மறுநாள் அவர் இயக்குநரின் அறைக்குப் போய், கட்டுரையை நிறுத்திவைக்கப் போவதாகச் சொன்னார்.

இயக்குநருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கதவைச் சாத்தினார். "ஒரு மனுஷனுக்கு எறால் ஒத்துக்கலங்கிறது பக்கவிளைவா? நாட்டுல பாதிப் பேருக்கு என்னென்னவோ ஒத்துக்கல. எனக்குக் கத்திரிக்காய் ஒத்துக்காது. நான் யார்கிட்டயாவது சொல்லியிருக்கேனா?"

"எனக்குள்ள இருந்ததை இன்னொருத்தருக்குள்ள வெச்சிருக்கோம் சார். 'எதுவும் காணப்படவில்லை'ன்னு எழுத முடியாது. நானே கண்டுட்டேன்."

"பாஸ்டன்காரன் இதே வேலையப் பண்ணிக்கிட்டிருக்கான். நீங்க நிறுத்தினா அவன் கட்டுரை முந்திரும்."

"முந்தட்டும்."

முந்தியது. உலகத்தில் முதன்முதலாக இதைச் செய்தவர்கள் என்று செய்திகளில் வேறு பெயர்கள் வந்தன. அன்று ஆவுடையம்மாள் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. அதற்குள் மற்ற நோயாளிகளுக்கெல்லாம் அவர் ஒவ்வொருவராகப் போன் செய்து எச்சரித்திருந்தார். பெரும்பாலோர் இறாலைத் தொடாதவர்கள், அல்லது விட்டுவிட்டால் போயிற்று என்றவர்கள். நாகர்கோவிலில் ஒரு பள்ளி ஆசிரியை மட்டும், தனக்கு ஏற்கெனவே உடம்பெல்லாம் தடித்ததாகவும், மீன்கடைக்காரர் கெட்டுப்போன இறாலைக் கொடுத்துவிட்டார் என்று அவரோடு சண்டை போட்டுவிட்டதாகவும் சொன்னார். "இப்ப அவர்கிட்ட போய் நான் மன்னிப்புக் கேக்கணுமா டீச்சர்?" என்று அவர் ஆவுடையம்மாளையே டீச்சர் ஆக்கிவிட்டார். கேட்பது நல்லது என்றார் ஆவுடையம்மாள்.

இனி வரும் நோயாளிகளுக்கு வேறு ஒருவரின் செல் வேண்டியிருந்தது. எதைச் சாப்பிட்டாலும் ஒத்துக்கொள்கிற, எதற்கும் தும்மாத ஓர் ஆளைத் தேடி நிஜாமுதீன் பல பேரைச் சோதித்தார். கடைசியில் தேறியவர் ஒரு கல்யாண வீடியோக்காரர். இருபது வருடமாக எல்லா சாதி, எல்லா மதக் கல்யாணப் பந்தியிலும் சாப்பிட்டு வந்தவர். அவர் கையில் எந்தச் சாற்றை வைத்துக் கீறினாலும் தோல் அசையவில்லை.

மிச்சம் இருந்தது பெர்க்மான்ஸ்.

"ஒரு வழி இருக்கு," என்றார் நிஜாமுதீன். "எறால் பொடிய கண்ணுக்குத் தெரியாத அளவுல ஆரம்பிச்சு, கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டிக் குடுத்து உடம்பைப் பழக்கலாம். வேர்க்கடலைக்கு, பாலுக்கெல்லாம் பண்றதுதான். ஆனா இவருக்கு நேரா ஆரம்பிக்கப் பயமா இருக்கு. பெரிய ரியாக்‌ஷன் வந்தா ஸ்டீராய்டு நிறைய ஏத்தணும். அது காவல் செல்லையும் சேர்த்து அடிச்சிரும். அளவு எவ்வளவு, எப்படிக் கூட்டணும்னு முதல்ல வேற யார்கிட்டயாவது பார்க்கணும்."

"பாருங்க."

"அதே செல் இருக்கணும். ஆனா புற்றுநோய் வந்திருக்கக் கூடாது."

"அப்படி யார் இருக்கா?"

நிஜாமுதீன் மேஜையில் இருந்த பேனாவை நேராக்கி வைத்தார். ஆவுடையம்மாளுக்கு நிணநீர் பற்றித் தெரியாதது எதுவும் இல்லை. ஆனால் இது விளங்கச் சற்று நேரம் பிடித்தது.

*

ஆவுடையம்மாளின் கணவர் சிதம்பரநாதன், நெடுஞ்சாலைத் துறையில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் திருநீறு பூசி, தேவாரம் இரண்டு பாட்டுச் சொல்லிவிட்டுத்தான் காப்பி. அவரிடம் எப்படிச் சொல்வது என்று ஆவுடையம்மாள் ஒரு வாரம் யோசித்தார். மாநாடுகளில் நூறு பேர் குறுக்குக் கேள்வி கேட்டபோது கூட இப்படி நாக்கு ஒட்டியதில்லை. கடைசியில் தோசை வார்த்துக்கொண்டே சொல்லிவிட்டார்.

சிதம்பரநாதன் தட்டைப் பார்த்தபடி கேட்டார். "எவ்வளவு?"

"மொதல்ல கடுகுல ஆயிரத்துல ஒரு பங்கு."

"எந்த ரூபத்துல?"

"மாத்திரை."

"மாத்திரைன்னா மருந்து," என்றார் சிதம்பரநாதன். "மருந்துல எதுவும் பாக்கக் கூடாது. இன்னொரு தோசை போடு."

மாத்திரையிலேயே சில மாதம் போயிற்று. ஆரம்பத்தில் உதடு அரித்தது. ஒருமுறை காது மடல் இரண்டும் சிவந்து சூடேறி, நிஜாமுதீன் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். அளவைக் குறைத்து, மறுபடி கூட்டினார். மாத்திரையில் அடங்காத அளவு வந்ததும் பொடியாக, மோரில் கலக்கிக் குடிக்க வேண்டியதாயிற்று. "மோர்ல கலந்தா அது லேகியம் மாதிரி," என்றார் சிதம்பரநாதன். ஆனாலும் அதற்கென்று தனி டம்ளர் வாங்கி வந்து, பால்கனியில் துளசிக்கு எதிர்மூலையில் வைத்தார்.

பொடிக்குப் பிறகு அவித்த இறாலில் நகக்கண் அளவு துண்டு. அன்று சிதம்பரநாதன் வெகுநேரம் யோசித்தார்.

"இதுவும் மருந்தா?"

"டோஸ்னுதான் சொல்லுதாங்க."

"டோஸ்னா சரி," என்று சொல்லிவிட்டு அவர் வாக்கிங் கிளம்பினார்.

ஒவ்வொரு படியும் ஆவுடையம்மாளுக்கு ஒத்துக்கொண்டதும், அதற்குப் பின்னால் அதே படி பெர்க்மான்ஸுக்குக் கொடுக்கப்பட்டது. இருவரும் வாரம் ஒருமுறை போனில் பேசிக்கொண்டார்கள். "நாக்கு அரிச்சுதா?" "லேசா." "எனக்கும் அந்த இடத்துலதான் அண்ணாச்சி. பயப்படாதீங்க, மறுநாள் சரியாயிரும்." உடம்புக்குள் ஒரே படையை வைத்திருந்த இருவர் அப்படித்தான் பேசிக்கொள்ள முடியும். செல்களைச் சாகடிக்கும் அந்த மாத்திரையைப் பற்றிப் பெர்க்மான்ஸ் பிறகு பேச்செடுக்கவில்லை.

ஆவுடையம்மாளுக்குக் கடைசிச் சோதனை, ஒரு முழு வேளைச் சாப்பாடு. நிஜாமுதீன் இறாலை வெறுமனே அவித்துக் கொடுக்கச் சொன்னார். சிசிலிக்கு அது பொறுக்கவில்லை. முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஐஸ் பெட்டியோடும் புருஷனோடும் வந்து இறங்கிவிட்டாள்.

"என் வீட்டுக்காரருக்கு உசுரக் குடுத்தவுக. அவுகளுக்கு அவிச்ச எறாலா குடுப்பாவ?"

ஆய்வு நிலையத்தின் கேன்டீன் அடுப்பில் அவள் சமைத்தாள். தேங்காய்ப்பால், முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, பச்சை மிளகாய், கடைசியில் எலுமிச்சை. பெர்க்மான்ஸ் ஆவி படாமல் வராந்தாவில் நின்று, கதவு வழியாகக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். "பால் திரிஞ்சிராம. எறால கடைசியா போடு. போட்டியா? எறக்கு."

ஆவுடையம்மாள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் நாடித் துடிப்பு பார்க்கும் பட்டை. நிஜாமுதீன் ஊசியோடு வலப்பக்கம், ஒரு நர்ஸ் ஆக்சிஜனோடு இடப்பக்கம். நடுவில் கிண்ணம்.

முகர்ந்து பார்த்தார். "இது சொதில்லா?"

"எனக்குத் தெரியும் டாக்டரம்மா, ஒங்க ஊர்ல கல்யாணத்துக்கு மறுநா வைப்பாவ. பழகுன ருசியா இருந்தா எறங்கும்னுட்டு வச்சேன். எறால மட்டும் கொஞ்சம் கூடப் போட்டுருக்கேன்."

ஆவுடையம்மாள் கண்ணை மூடி ஒரு கவளம் வாயில் வைத்தார். மெல்வதை எல்லோரும் பார்த்தார்கள். விழுங்கினார். அடுத்த கவளம். பாதிக் கிண்ணத்தில் நிறுத்தச் சொல்லியிருந்தார் நிஜாமுதீன். அவர் சொல்ல வாயெடுப்பதற்குள் கிண்ணம் காலி.

இரண்டு மணி நேரம் கண்காணிப்பில் வைத்தார்கள். உதடு உதடாகவே இருந்தது. காது காதாகவே இருந்தது. முடிவில் ஆவுடையம்மாள் சொன்ன ஒரே வார்த்தை, "சொதிக்குத் தொட்டுக்க இஞ்சிப் பச்சடி இருந்திருக்கலாம்."

அந்த மாதக் கடைசியில் பெர்க்மான்ஸும் முழுக் கிண்ணம் சாப்பிட்டார். முகம் வீங்கவில்லை. சாப்பிட்டு முடித்துவிட்டு, வீங்கவில்லை என்பதை உறுதிசெய்துகொள்ள இரண்டு கையாலும் முகத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு அழுதார். இந்தத் தடவை அது அழுகைதான். ஊருக்குப் போய் மெஸ் அடுப்பின் முன்னால் நின்றார். வாசலில் கிடந்த நாற்காலியைச் சிசிலி உள்ளே எடுத்துப் போட்டாள். பழக்கிய உடம்பு மறந்துவிடாமலிருக்க அவர் அடிக்கடி இறால் சாப்பிட்டே ஆக வேண்டும் என்று நிஜாமுதீன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வாழ்க்கையில் எந்த டாக்டரும் தனக்கு இவ்வளவு நல்ல பத்தியம் சொன்னதில்லை என்று பெர்க்மான்ஸ் வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

*

ஆவுடையம்மாளின் பெரிய கட்டுரை, பக்கவிளைவையும் சேர்த்துக்கொண்டு, இரண்டாவதாகத்தான் வந்தது. ஆனால் அதைப் படித்த பிறகு பாஸ்டன்காரர்கள் தங்கள் நோயாளிகளைத் திரும்பக் கூப்பிட்டு விசாரிக்க, அவர்களில் பலருக்குப் பூனை ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தது தெரியவந்தது. செல் கொடுத்த மாணவருக்குப் பூனை ஆகாதாம். அதன்பின் இந்தச் சிகிச்சையில் இறங்கிய எல்லோரும் முதலில் கேட்டது ஆவுடையம்மாளின் கட்டுரையைத்தான்.

இறாலைப் பழக்கிய கதையை அவரும் நிஜாமுதீனும் தனிக் கட்டுரையாக எழுதி அனுப்பினார்கள். முதல் பங்கேற்பாளர், பெண், ஐம்பத்தாறு வயது. இரண்டாம் பங்கேற்பாளர், ஆண், ஐம்பத்தொன்று. கரப்பான் என்ற சொல் பெர்க்மான்ஸுக்காக ஒரே இடத்தில், லத்தீன் பெயரில் மட்டும் வந்தது.

சில வாரங்களில் இதழிலிருந்து மதிப்பீட்டாளரின் கேள்விகள் வந்தன. நிஜாமுதீன் அவற்றை வாசித்துவிட்டு உற்சாகமாக ஆவுடையம்மாளின் அறைக்கு வந்தார்.

"மேடம், உங்களுக்கு விடுதலை. ஒரே ஒரு கேள்விதான் பெருசு. எறாலை நிறுத்தினா உடம்பு பழைய மாதிரி ஆயிருமா, எவ்வளவு நாள் தாங்கும்னு கேக்கறாங்க. யாராவது ஒருத்தர் ஆறு மாசம் நிறுத்திப் பார்க்கணும். பெர்க்மான்ஸை நிறுத்தச் சொல்ல முடியாது, தொழிலே அது. நீங்க இன்னியிலிருந்தே நிறுத்திக்கலாம். மறுபடி வந்தாலும் உங்களுக்கு நஷ்டமில்ல."

ஆவுடையம்மாள் படித்துக்கொண்டிருந்த தாளைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"நாகர்கோவில் டீச்சர் எறாலப் பழக்கிக்கிட வாரேன்னு சொன்னாங்கல்லா?"

"அவங்க இப்பத்தான் ஆரம்பிக்கறாங்க. முடிஞ்சு, நிறுத்தி, பார்க்க ஒரு வருஷமாவது ஆகும். கட்டுரை அதுவரைக்கும் நிக்கும்."

"நிக்கட்டும்."

நிஜாமுதீன் அவரையே பார்த்தார். பாஸ்டன்காரர்கள் முந்தியபோது மதியச் சாப்பாடு சாப்பிடாத பெண்மணி இவர்.

"முதல் பங்கேற்பாளர் ஏன் நிறுத்தலன்னு கேப்பாங்களே மேடம். என்னன்னு எழுதட்டும்?"

"உள்ளத எழுதுங்க. நிறுத்த விருப்பமில்லைன்னு."

நிஜாமுதீன் எழுதிக்கொண்டார். எழுதி முடித்ததும் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"வீட்ல சாருக்குத் தெரியுமா?"

"மருந்துன்னு தெரியும்," என்றார் ஆவுடையம்மாள்.